ப்ரீஆம்பா, டிஜிட்டல் மிக்ஸரா? ஒரு பி.காம்.காரனின் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். எலெக்ட்ரானிக்ஸில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏடிஎம் மெஷின் மக்கர் பண்ணினால் யாருக்குப் போன் போட வேண்டும் என்பது மட்டும்தான். இருந்தாலும் கடந்த மூணு மாசமா எங்கள் புனே வட்டாரத்தில் நடக்கிற ஒரு சண்டைக்குத் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய டிஜிட்டல் மிக்ஸர் வாங்குவதா, இல்லை தனித்தனியாக நல்ல ப்ரீஆம்ப் வாங்குவதா? தீர்ப்பு ஏன் என்னிடம் வந்தது என்றால், பொருளாளர் நான்தான். காசு என் கையில் :-)

சண்டையின் பின்னணி கொஞ்சம் சொன்னால்தான் புரியும். கட்கி, விஷ்ராந்த்வாடி, திகி பக்கம் இருக்கிற பதினாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் யார் வீட்டிலாவது உட்கார்ந்து திருப்புகழ் பாடுவோம். அதில் நடுநாயகமாக ஒரு பெரியவர். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. வயது எழுபத்தொன்பது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (1869ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த தொழிற்சாலை அது. அதைச் சுற்றி எத்தனை தலைமுறைத் தமிழர்கள் குடியேறியிருக்கிறார்கள் என்பது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.) அவருடைய அப்பா ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர். அந்த அப்பா பாடின மெட்டில்தான் ஐயா இன்றும் பாடுகிறார். ஏறக்குறைய நாற்பது பாட்டு. கச்சேரிகளில் கேட்கிற மெட்டு இல்லை, பஜனை மடங்களில் கேட்கிற மெட்டும் இல்லை. சந்தம் அதே சந்தம்தான், ஆனால் நடை வேறே மாதிரி இருக்கும். தெருக்கூத்துக்காரர்கள் அடவு வைக்கிற மாதிரி ஒரு துள்ளல். எங்கள் குழுவில் யாருக்கும் அதில் பத்துப் பாட்டுக்கு மேல் முழுசாக வராது. 1990களில் அவர் மகன் பதிவு செய்து வைத்த ஒரு கேசட் உண்டு, டேப் முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டது.

இப்போது ஐயாவால் தொடர்ந்து நாற்பது நிமிஷம் பாட முடிகிறது. போன வருஷம் ஒண்ணேகால் மணி நேரம் பாடினார்.

ஆகவே பதிவு செய்தாக வேண்டும், இந்தக் குளிர்காலத்துக்குள். பதினாலு வீட்டிலும் வசூல் பண்ணி ஒரு லட்சத்து இருபதாயிரம் சேர்ந்திருக்கிறது. உடனே ரெண்டு கட்சி உருவாகிவிட்டது. (தமிழர்கள் பதினாலு பேர் சேர்ந்து ரெண்டே கட்சி என்பதே ஒரு சாதனை.) ஹிஞ்ஜவாடியில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர் ப்ரீஆம்ப் கட்சி. "சார், அப்பேர்ப்பட்ட குரலை மட்டமான ப்ரீஆம்ப்ல பதிவு பண்றது பட்டுப்புடவையை சோடா உப்புல போட்டு அலசற மாதிரி" என்பது அவர் வாதம். மிருதங்கக்காரர் மிக்ஸர் கட்சி. அவர் வாதம் சுருக்கமானது: "எனக்கு மட்டுமே ரெண்டு மைக் வேணும் சார்."

நான் படித்துப் பார்த்து, கேட்டுப் பார்த்து, கணக்குப் போட்டுப் பார்த்து மிக்ஸர் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ப்ரீஆம்ப் என்பது என்ன? மைக்கிலிருந்து வருகிற மின்சாரம் ரொம்ப சொற்பம். மேடைகளில் எல்லோரும் பார்த்திருக்கும் ஷூர் எஸ்எம்58 மைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 94 டெசிபல் சத்தம், அதாவது மைக்குக்கு அருகில் நன்றாகக் குரல் விட்டுப் பாடினால் வருகிற அளவு, அதற்கு அது தருவது 1.85 மில்லிவோல்ட். ஒலிப்பதிவுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற அளவு சுமார் 1.23 வோல்ட். ஆக 650 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கலைச் செய்கிற சின்ன சர்க்யூட்தான் ப்ரீஆம்ப். நம்ம பாஷையில் சொன்னால், ஒரு ரூபாய் முதலை அறுநூற்றைம்பது ரூபாய் ஆக்கும் ஸ்கீம். அப்படி ஒரு ஸ்கீமோடு யாராவது கிளைக்கு வந்தால் போலீஸுக்குத்தான் போன் போடுவோம். ஆனால் இது நிஜமாகவே நடக்கிறது. கேள்வி எல்லாம், பெருக்கும்போது சொந்தச் சரக்காக எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்பதுதான்.

இங்கே பலர் குழம்புகிற ஓர் இடம் உண்டு. டிஜிட்டல் மிக்ஸருக்குள்ளும் ப்ரீஆம்ப் இருக்கிறது! மைக் துளைக்குப் பின்னால் அதே மாதிரி அனலாக் சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது, அதற்கப்புறம்தான் ஒலியை எண்ணாக மாற்றும் பகுதி, அதற்கும் அப்புறம் மற்ற ஜாலங்கள். அதனால் 'ப்ரீஆம்பா மிக்ஸரா' என்ற கேள்வியே கொஞ்சம் கோணலான கேள்வி. ஒழுங்காகக் கேட்டால் இப்படித்தான் வரும்: அதே காசுக்கு நல்ல ப்ரீஆம்ப் பதினாறு வேண்டுமா, பிரமாதமான ப்ரீஆம்ப் ஒன்றோ ரெண்டோ வேண்டுமா? இன்னொரு மறைமுகச் செலவும் உண்டு. தனி ப்ரீஆம்ப் வாங்கினால் மட்டும் வேலை முடியாது, அதைக் கணினிக்குள் கொண்டுபோக ஓர் இன்டர்ஃபேஸ் தனியாக வேண்டும். வட்டி விகிதம் மட்டும் சொல்லிவிட்டு, ப்ராசஸிங் கட்டணத்தைக் கையெழுத்துப் போடும்போது காட்டுகிற கதைதான்.

சரித்திரம் பார்த்தால் இன்னும் வேடிக்கை. தனி ப்ரீஆம்ப் என்ற வியாபாரமே பெரிய மிக்ஸர்களின் வயிற்றிலிருந்து பிறந்ததுதான். இங்கிலாந்தின் ரூபர்ட் நீவ் கம்பெனி 1970ல் கொண்டுவந்த 1073 என்பது தனிப்பெட்டி இல்லை, பிரம்மாண்டமான மிக்ஸர் மேஜையில் செருகுகிற ஒரு பாகம். பின்னாளில் ஸ்டூடியோக்கள் அந்த மேஜைகளைக் கழித்துக் கட்டியபோது, பாகங்களைப் பிடுங்கி ரெண்டு ரெண்டாகப் பெட்டியில் போட்டு விற்றார்கள். பழைய வீட்டை இடித்துக் கதவையும் தூணையும் காரைக்குடியில் விற்கிற மாதிரி. அவரே பிறகு ஆரம்பித்த ஃபோகஸ்ரைட்டின் ஐஎஸ்ஏ110ம் அப்படித்தான். 1985ல், பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோவில் இருந்த மிக்ஸருக்காகச் செய்தது. அந்தக் கதவு, தூண் எல்லாம் தரமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அவை எல்லாம் ஒரு கூட்டம் ஒன்றாக வாசிப்பதைப் பதிவு செய்யச் செய்த மேஜைக்காகப் பிறந்தவை என்பதை மறந்துவிட்டு, ஒற்றைத் தூணை வாங்கி நடுஹாலில் நட்டு வைத்து அழகு பார்க்கிறோம்.

டிஜிட்டல் மிக்ஸர் பக்கம் 1994ல் யமாஹாவின் ப்ரோமிக்ஸ் 01 வந்தபோதுதான் சின்ன ஸ்டூடியோக்காரர்கள் அண்ணாந்து பார்க்காமல் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. 2012ல் பெஹ்ரிங்கர் எக்ஸ்32 வந்து அந்த விலையையும் உடைத்தது. அதே கம்பெனிக் குழுமம் 2009லேயே மைடாஸ் என்ற பெயர்பெற்ற இங்கிலாந்து மிக்ஸர் நிறுவனத்தை வாங்கியிருந்ததால், அவர்கள் வடிவமைத்த ப்ரீஆம்பை இதற்குள் வைத்தார்கள். 'டிஜிட்டல் மிக்ஸர்ல ப்ரீஆம்ப் குப்பையா இருக்கும்' என்கிற பழைய பேச்சு பெருமளவு காலாவதியானது அப்போதுதான்.

சரி, இரைச்சல் கணக்குக்கு வருவோம். இது எனக்குப் பிடித்த பகுதி. பிடிக்காதவர்கள் ரெண்டு பாரா தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எந்த ப்ரீஆம்பும் ஓர் எல்லைக்குக் கீழே இரைச்சலைக் குறைக்க முடியாது. மைக்கின் மின்தடைக்குள் எலெக்ட்ரான்கள் சூட்டில் துள்ளுவதே ஓர் இரைச்சல், அதை ஒழிக்க இயற்கை அனுமதிப்பதில்லை. 150 ஓம் மைக்குக்கு அந்த எல்லை சுமார் -131 டிபியு. உலகத்திலேயே உசத்தியான ப்ரீஆம்பும் இதைத் தாண்ட முடியாது. இன்றைய நடுத்தர மிக்ஸரில் இருக்கிற ப்ரீஆம்ப் -127 பக்கம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக ராஜாவுக்கும் மந்திரிக்கும் வித்தியாசம் அதிகபட்சம் 4 டெசிபல்.

இப்போது அறையைப் பாருங்கள். ரோடு என்டி1-ஏ என்கிற கண்டென்சர் மைக் 94 டெசிபலுக்கு 25 மில்லிவோல்ட் தருகிறது, அதாவது ஏறக்குறைய -30 டிபியு. ராத்திரி பதினொரு மணிக்கு மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் நிறுத்தினால் என் வீட்டு ஹாலில் 35 டெசிபல் வருகிறது. (கைபேசி அளவுமானிதான். கூடக்குறைய இருக்கும்.) 94லிருந்து 59 டெசிபல் கீழே. அப்படியானால் அறையின் இரைச்சல் மைக் வழியாக -89 டிபியுவில் வருகிறது. ப்ரீஆம்பின் இரைச்சலோ -127ல் இருக்கிறது. நடுவே 38 டெசிபல். அறைச் சத்தம் ப்ரீஆம்ப் சத்தத்தைவிட எண்பது மடங்கு பெரிசு! குறைவாக உற்பத்தி செய்கிற எஸ்எம்58ஐ வைத்துப் போட்டாலும் அறைதான் ஆறு மடங்கு பெரிசு. இந்த நிலைமையில் ப்ரீஆம்பை -127லிருந்து -131க்குக் கொண்டுபோக அரை லட்சம் செலவழிப்பது, வாராக்கடன் கோடிக்கணக்கில் நிற்கும்போது கிளையில் பேனா வாங்குகிற செலவைக் குறைப்பது மாதிரி. ஆடிட்டர் சிரிப்பார்.

ஹிஞ்ஜவாடி நண்பர் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார், நியாயமான பதில். "இரைச்சல் மட்டும் இல்ல சார், நிறம்." பழைய நீவ் வகையறாக்களில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஒலியை மெல்லக் கெட்டியாக்கும், ஓரங்களை மழுப்பும். அது நிஜம், நானும் கேட்டேன். ஆனால் அடக்கமான ஒலியளவில் அந்த நிறம் மெல்லிசு. ஐயா முகத்தை ஓர் அங்குலம் திருப்பினாலோ, மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தாலோ வருகிற மாற்றம் அதைவிட எத்தனையோ மடங்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மைக்கை நகர்த்தினதை என் மனைவியே கண்டுபிடித்துவிடுகிறார். ப்ரீஆம்பை மாற்றினதை நண்பரே ரெண்டு தடவை தப்பாகச் சொன்னார். (அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.)

அப்ப காசை எங்கே போடணும்? அறையில். புனேயில் வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவனுக்கு எதிரிகள் பலர். ஆடி ஆவணியில் ஆரம்பித்து கணபதி விசர்ஜனம் வரை டோல் தாஷா குழுக்களின் ஒத்திகை. அந்த டோல் அடி சுவரைத் துளைத்து வரும், ஜன்னலைச் சாத்தினால் போகிற ஜாதி இல்லை அது. எங்கள் பக்கம் லோஹேகாவ் விமானப்படைத் தளம், போர் விமானம் கிளம்பினால் பேச்சையே நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். வியாழக்கிழமை பராமரிப்புக்கென்று கரண்ட் போகும், கூடவே பக்கத்து வீட்டு இன்வர்ட்டர் 'ங்ங்ங்' என்று ஆரம்பிக்கும். பால்கனிப் புறாக்கள் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் சென்னைக்காரர்களுக்குக் கிடைக்காத ஒரு வரமும் இங்கே உண்டு. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் ஃபேனே வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் ஆறு பேர் உட்கார முடிகிற ஊர் ஒலிப்பதிவுக்குப் பாதி ஸ்டூடியோ. பாவம் மிருதங்கம்தான் அந்த வறண்ட குளிரில் அவதிப்படும். தொப்பியில் வைத்த ரவை சீக்கிரமே காய்ந்து போகிறது, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருந்தாக வேண்டும்.

சுவரில் தொங்கவிட ஆளாளுக்கு யோசனை. ஒருத்தர் சோலாப்பூர் சாதர் என்றார், இன்னொருத்தர் ஊரிலிருந்து பவானி ஜமுக்காளமே கொண்டுவந்துவிட்டார். ரெண்டும் அழகுதான். ஆனால் மெல்லிய துணி மேல்ஸ்தாயி எதிரொலியை மட்டும்தான் குடிக்கும். மிருதங்கத் தொப்பியின் 'தொம்' என்கிற அடிநாதம் அதைச் சட்டை செய்யாமல் சுவரில் மோதித் திரும்பி வரும். அதற்கு நாலு அங்குல கனத்தில் ராக்வூல் பலகை வேண்டும், சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு. மரச்சட்டம் அடித்து, மேலே அந்த ஜமுக்காளத்தையே போர்த்திவிடலாம், கொண்டுவந்தவர் மனசும் கோணாது. ஆறு பலகைக்குப் பதினைந்தாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். மொத்த பட்ஜெட்டில் ரொம்ப உருப்படியான செலவு இதுதான் என்பது என் கட்சி.

இப்போது மிக்ஸர் பக்கம் என்னைச் சாய வைத்த நிஜமான காரணம். எத்தனை மைக் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஐயாவுக்கு ஒன்று. ஹார்மோனியத்துக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கும் தொப்பிக்குமாக ரெண்டு. கஞ்சிரா ஒன்று. பின்பாட்டு மூணு பேருக்குச் சேர்த்து ஒன்று. அறைக்குப் பொதுவாக ரெண்டு. எட்டு ஆகிவிட்டது. ஒரு லட்சத்து இருபதாயிரத்தில் எட்டுத் தனி ப்ரீஆம்ப்? கனவு. ரெண்டுதான் வரும்.

'ஒவ்வொருத்தராப் பதிவு பண்ணி அப்புறம் சேர்த்துக்கலாமே' என்பார்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் இதை அடிப்படையாக வைத்துத்தான் 'ரெண்டு நல்ல ப்ரீஆம்ப் போதும்' என்று சொல்கின்றன. அது ஒரு பெரிய, வெற்றி பெற்ற முறைதான். நம் ஊரிலேயே அதற்கு உதாரணம் கோடம்பாக்கத்தில் இருக்கிறது. 1989ல் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டோடு பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஸ்டூடியோவை அமைத்தார். 'ரோஜா' வந்தது 1992ல். அதற்கு முன் எம்.எஸ்.வி. காலத்திலெல்லாம் பாடகர், வயலின் வரிசை, தபலா எல்லோரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் பாடி வாசித்து முடிப்பார்கள், யாராவது ஒருத்தர் தப்பு செய்தால் எல்லோரும் மறுபடியும். அங்கே மணிக்கணக்குக் காசு. வீட்டு ஸ்டூடியோவில் அந்த மீட்டர் ஓடவில்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடகராக, ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கி அடுக்கிக் கட்டலாம். அப்படிக் கட்டுகிறவருக்கு ஒரு நேரத்தில் தேவை ஒன்றோ ரெண்டோ சேனல்தான், அந்த ஒன்று உச்சகட்டத் தரமாக இருப்பது அவருக்கு நியாயம். 2019ல் பில்லி ஐலிஷும் அண்ணனும் லாஸ் ஏஞ்சலஸ் வீட்டுப் படுக்கையறையில் செய்து கிராமி வாங்கிய ஆல்பமும் அந்த வழிதான்.

ஐயாவிடம் அது நடக்காது. ஹெட்ஃபோன் மாட்டி, மெட்ரோனோம் கேட்டுக்கொண்டு, தனியாகப் பாடுங்கள் என்று சொல்லிப் பாருங்களேன். ஒரு தடவை சோதனைக்கு ஹெட்ஃபோனை மாட்டினோம். "என் காதை ஏம்பா அடைக்கிறீங்க?" என்று கழற்றி வைத்துவிட்டார். அவர் பாட்டில் தாளம் கடிகாரம் மாதிரி ஓடாது, சந்தம் இழுக்கிற இடத்தில் இழுக்கும். மிருதங்கக்காரர் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். பின்பாட்டுக்காரர்கள் அவர் கை தூக்குவதைப் பார்த்து எடுப்பார்கள். நடுவில் "ஹாங்" என்று ஒரு தட்டு தட்டுவார், அதில்தான் அடுத்த அடியே பிறக்கும். இதை வெட்டித் தனித்தனியாக எடுத்தால் மிஞ்சுவது வார்த்தையும் ஸ்வரமும்தான். அது புத்தகத்திலேயே இருக்கிறதே, பதிவு எதற்கு?

சேர்ந்து பாடினால் ஒருத்தர் சத்தம் இன்னொருத்தர் மைக்கில் ஒழுகும். ஒழுகட்டும். மைக்குகளுக்கு நடுவே இருக்கிற தூரம், மைக்குக்கும் வாய்க்கும் இருக்கிற தூரத்தைப் போல மூணு மடங்காவது இருந்தால் ரொம்பக் குழப்பம் வராது என்பது பழைய பாடம். ஒழுகலைச் சமாளிக்க எத்தனை விலையுள்ள ப்ரீஆம்பாலும் முடியாது, உட்காருகிற இடம்தான் சமாளிக்கும்.

அடுத்தது, நாற்பது நிமிஷ விஷயம். ஐயாவின் மூச்சுதான் எங்களிடம் இருக்கிற ரொம்பக் குறைவான சரக்கு. அவர் வந்து உட்கார்ந்த பிறகு "ஐயா, கொஞ்சம் பாடுங்க, லெவல் பாக்கணும்" என்று இருபது நிமிஷம் திருகிக்கொண்டிருந்தால் பாதி மூச்சு போய்விடும். நாற்பது பாட்டு, ஓர் அமர்வில் நாலைந்து பாட்டு, ஆக எட்டுப் பத்து அமர்வு. அதுவும் வேறு வேறு வீட்டில் இல்லை, என் ஹாலில்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லாம் கழற்றி அலமாரியில் வைத்தாக வேண்டும் (வீட்டம்மா உத்தரவு). டிஜிட்டல் மிக்ஸரில் முதல் நாள் வைத்த அளவுகளை எல்லாம் ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடலாம், எட்டு சேனலின் பெருக்கல் அளவு உட்பட. அடுத்த வாரம் ஒரு தட்டு, அப்படியே திரும்ப வந்து நிற்கும். தனி ப்ரீஆம்பில் குமிழ் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு திருக வேண்டும். மேடைக்காரர்கள் இதற்காகவே எப்போதோ டிஜிட்டலுக்கு மாறிவிட்டார்கள். டிசம்பரில் இங்கே நடக்கிற சவாய் கந்தர்வ விழாவுக்குப் போனால் (பீம்சேன் ஜோஷி 1953ல் தொடங்கியது) நான் பாதி நேரம் மேடையைப் பார்ப்பதில்லை, பின்னால் மிக்ஸர்காரர் கையைத்தான் பார்க்கிறேன். ஒரு கலைஞர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் அவர் வேலை முடிந்துவிடுகிறது.

மின்சாரச் சிக்கல் ஒன்றும் உண்டு. தனித்தனிப் பெட்டி வாங்கினால் தனித்தனி அடாப்டர், எல்லாம் வேறு வேறு ப்ளக்கில், எர்த் ஒழுங்காக இல்லாத பழைய கட்டடத்தில். அப்புறம் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமல் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று தேடியே ராத்திரி விடிந்துவிடும். ஒரே பெட்டி, ஒரே ப்ளக் என்றால் வம்பு குறைவு.

இதெல்லாம் சொல்லிவிட்டு எதிர்க்கட்சியின் வலுவான வாதத்தைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அது தேய்மானம். வருமான வரி விதியில் கணினிக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம், பொதுவான இயந்திரங்களுக்கு 15. நூறு ரூபாய்க்கு வாங்கின கணினி, குறைந்துவரும் மதிப்பு முறையில் அஞ்சு வருஷத்தில் ஏழே முக்கால் ரூபாய். இயந்திரமோ நாற்பத்துநாலு ரூபாய் சொச்சம். டிஜிட்டல் மிக்ஸர் கணினி ஜாதி, ப்ரீஆம்ப் இயந்திர ஜாதி. 1970ன் 1073ஐ கெப்பாசிட்டர் மாற்றி இன்றும் ஓட்டுகிறார்கள், விலை ஏறிக்கொண்டே போகிறது. 2009ல் வந்த ப்ரீசோனஸ் ஸ்டூடியோலைவ் நல்ல மிக்ஸர்தான், ஆனால் கணினியோடு பேச அதற்கு ஃபயர்வயர் வேண்டும். இன்று கடையில் வாங்குகிற மடிக்கணினியில் அந்தத் துளையே கிடையாது. தவிர, மிக்ஸரில் பவர் சப்ளை போனால் பதினாறும் போச்சு. தனி ப்ரீஆம்பில் ஒன்று போனால் இன்னொன்று இருக்கும்.

எல்லாம் சரி. ஆனால் எதற்காக வாங்குகிறோம்? சொத்து சேர்க்க இல்லை. கடன் விண்ணப்பத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது நோக்கம். ஒரே ஒரு பயிர் பருவத்துக்கான கடனுக்கு இருபது வருஷ ஆயுள் உள்ள சொத்து கேட்பதில்லை. எங்களுக்கு வேண்டியது ரெண்டு குளிர்காலம். அதற்கப்புறம் அந்தப் பெட்டி ஏழே முக்கால் ரூபாய்க்குப் போனாலும் நஷ்டக் கணக்கு எழுதத் தயார்.

நீங்கள் தனியாளாக, ஒற்றைக் குரலையோ வீணையையோ மட்டும், அவசரமில்லாமல், நல்ல அறையில் பதிவு செய்கிறவர் என்றால் என் கட்சி மாறிவிடும். அப்போது நல்ல மைக், அப்புறம் ஒற்றை நல்ல ப்ரீஆம்ப், அதைப் பிள்ளைக்கும் விட்டுப் போகலாம். ரிப்பன் மைக்கோ, ஷூர் எஸ்எம்7பி மாதிரி குறைவாக உற்பத்தி செய்கிற மைக்கோ வைத்துக்கொண்டு மெல்லிய குரலைத் தள்ளி வைத்துப் பதிவு செய்தாலும் ப்ரீஆம்ப் இரைச்சல் நிஜமாகவே முன்னால் வந்து நிற்கும்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிஜிட்டல் மிக்ஸர் என்று போட்டிருந்தால் எல்லாமே தனித்தனித் தடங்களாகக் கணினிக்கு அனுப்பும் என்று நம்பிவிடக் கூடாது. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்16 என்றும் எக்ஸ்ஆர்18 என்றும் ரெண்டு உண்டு. பெயரில் ரெண்டே எண் வித்தியாசம். ஆனால் 16 யுஎஸ்பி வழியாக அனுப்புவது கலந்து முடித்த ரெண்டு தடம், 18 அனுப்புவது பதினெட்டும் தனித்தனியாக. சவுண்ட்கிராஃப்டில் யுஐ16க்கும் யுஐ24ஆருக்கும் அதே கதை. புத்வார் பேட் தப்கீர் கல்லியில் ஒரு கடைக்காரர் "சகளம் சேம் ஆஹே சாஹேப்" என்று விலை குறைந்ததைத் தள்ளிவிடப் பார்த்தார். எல்லாம் ஒன்று இல்லை சாஹேப். இன்னொன்று, உள்ளே விசிறி இருக்கிற மாடலா என்று காதை வைத்துக் கேளுங்கள். அமைதியான அறைக்கு அத்தனை பாடுபட்டுவிட்டு, நடுவில் ஒரு விசிறியைக் கொண்டுவந்து வைப்பதில் அர்த்தமில்லை.

நடுவழி ஒன்றும் உண்டு. இன்டர்ஃபேஸோடு, எட்டு ப்ரீஆம்ப் உள்ள பெட்டியை ஏடாட் என்கிற ஒளியிழைக் கம்பியால் இணைப்பது. 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனலும் வரும் (96க்குப் போனால் நாலுதான்). ஏற்கெனவே அந்தத் துளையுள்ள இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் மலிவு. எங்களிடம் ஒன்றுமே இல்லை, ஆகவே அதைத் தள்ளிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாசித்தேன். மிக்ஸர் கட்சிக்கு ஒன்பது ஓட்டு, ப்ரீஆம்புக்கு நாலு, ஐயா ஓட்டுப் போடவில்லை. "எதுல வேணா எடுங்க, ஹார்மோனியத்தை மட்டும் அரைக் கட்டை இறக்கி வையுங்க" என்றார். ஹிஞ்ஜவாடி நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. மைக் வைக்கிற பொறுப்பு முழுக்க அவருடையது என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறோம், அவரைவிட நல்ல காது குழுவில் இல்லை.

முதல் அமர்வு டிசம்பர் மூணாவது வாரம், வியாழன் தவிர ஏதாவது ஒரு ராத்திரி. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் -12க்கு மேல் போகாமல். மிருதங்கத்தின் 'தீம்' எப்போது வந்து விழும் என்று யாருக்கும் தெரியாது, இடம் விட்டு வைப்பதில் நஷ்டமில்லை. எட்டுத் தடம், நாற்பது நிமிஷத்துக்கு 2.8 ஜிபி பக்கம் வருகிறது. மூணு நகல். ஒன்று ஐயாவின் மகனிடம், ஒன்று நண்பரிடம், மூணாவது ஹார்ட் டிஸ்க் வங்கி லாக்கரில். லாக்கர் என்னுடையது, அதற்கு வாடகை சங்கத்திடம் கேட்கப் போவதில்லை.